ஒரு பக்கெட் போர் தண்ணி... எத்தனை மோல் உப்பு?

ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா மக்களே? பியூரெட்ல இ.டி.டி.ஏ., கானிக்கல் ஃபிளாஸ்க்ல 20 மில்லி தண்ணி, கொஞ்சம் பஃபர், ரெண்டு சொட்டு எரியோகுரோம் பிளாக்-டி. ஒயின் சிவப்பு டக்குனு ஸ்டீல் நீலமா மாறுற அந்த செகண்ட்ல ரீடிங்கை எடுத்து, பக்கத்து டேபிள் ரீடிங்கோட ஒத்துப் போகுதான்னு எட்டிப் பார்த்து, ரெக்கார்டுல எழுதி, சைன் வாங்கி... அத்தோட அந்தத் தண்ணிக்கு டாட்டா சொல்லிடுவோம்!

ஆனா அந்தத் தண்ணி நம்மளை விடாது. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, பெசன்ட் நகர்னு எந்த ஃபிளாட்டுக்குப் போனாலும் ஷவர் ஓட்டை பாதி அடைச்சிருக்கும். பக்கெட் ஓரத்துல வெள்ளையா ஒரு வளையம். சோப்பு தேய்ச்சா நுரையே வராது. முடி கொட்டினாலும் பழி போர் தண்ணி மேலதான்!

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை அசோசியேஷன் மீட்டிங். "போரை இன்னும் ஒரு 50 அடி இறக்கிடலாம் சார்"னு ஒருத்தர். "மொத்த பில்டிங்குக்கும் ஒரு ஆர்.ஓ. போட்டுடலாம்"னு இன்னொருத்தர். "பேசாம லாரி தண்ணியே சொல்லிடலாமே"ன்னு மூணாவது ஆள். ரெண்டு மணி நேரம் சண்டை போட்டாலும் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்க மாட்டாங்க. தண்ணியில இருக்குறது என்ன உப்பு? எவ்வளவு உப்பு?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற வித்தை நம்ம ரெக்கார்டு நோட்டுலயே இருக்கு பாஸ். இந்த வாரம் அதான் மேட்டர்.

கவுளிக் கணக்கு

மாட வீதியில வெத்தலை வாங்கப் போனா யாராவது "கால் கிலோ குடுங்க"ன்னு கேட்போமா? கவுளிக் கணக்குதான். ஒரு கவுளின்னா நூறு வெத்தலை. இலை குட்டியா இருந்தாலும் பெருசா இருந்தாலும் எண்ணிக்கை மாறாது.

கெமிஸ்ட்ரியோட கவுளிதான் மோல். இங்க நூறுக்குப் பதிலா கொஞ்சம் பெரிய நம்பர். 602214076-னு எழுதி, பின்னாடி 15 பூஜ்யம் போட்டுக்கோங்க. 2019 மே 20-ல இருந்து உலகம் முழுக்க மோலுக்கு இதுதான் அதிகாரபூர்வமான கணக்கு. இத்தனை துகள் இருந்தா ஒரு மோல், அவ்வளவுதான்.

ஏன் எண்ணணும்? உப்பு தண்ணியில செய்யுற வேலை எல்லாமே தலைக்கணக்குல நடக்குது. ஒரு இ.டி.டி.ஏ. ஒரு கால்சியத்தைப் பிடிக்கும். ஒரு வெள்ளி அயனி ஒரு குளோரைடைப் பிடிக்கும். எடையைப் பத்தி அதுங்களுக்குக் கவலையே கிடையாது.

அயனியை உட்கார்ந்து எண்ண முடியாது. அதனால எடை போட்டு எண்ணிக்கைக்கு மாத்திக்கிறோம். எடையை மோலார் நிறையால வகுத்தா மோல். அதைக் கரைசலோட லிட்டரால வகுத்தா மோலாரிட்டி. குழாய்த் தண்ணிக்கு கிராம், மோல் எல்லாம் ரொம்பப் பெரிய அளவு. மில்லிகிராம், மில்லிமோல்னு வெச்சுக்கிட்டா பூஜ்யத் தொல்லை இல்லை. சோடியம் 23 மில்லிகிராம் இருந்தா ஒரு மில்லிமோல், குளோரைடுக்கு 35.5, கால்சியத்துக்கு 40. இந்த மூணு நம்பரை மனசுல வெச்சுக்கிட்டா மீதிக் கட்டுரை சுலபம்.

ரெண்டு பக்கெட், ஒரே டி.டி.எஸ்!

ஒரு பக்கெட்ல லிட்டருக்கு 585 மில்லிகிராம் சோடியம் குளோரைடு, அதாவது நம்ம சமையல் உப்பு. இன்னொண்ணுல லிட்டருக்கு 555 மில்லிகிராம் கால்சியம் குளோரைடு. எடையில பார்த்தா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான். இப்போ எண்ணுவோம்.

முதல் பக்கெட்: 585-ஐ 58.5-ஆல வகுத்தா 10 மில்லிமோல். கரைஞ்சதும் 10 சோடியம், 10 குளோரைடுன்னு பிரிஞ்சிடும். கால்சியம் பூஜ்யம். சோப்பு ஜம்முனு நுரைக்கும், வாயில வெச்சா கரிக்கும்.

ரெண்டாவது பக்கெட்: 555-ஐ 111-ஆல வகுத்தா 5 மில்லிமோல். ஆனா ஒவ்வொண்ணும் உடையும்போது ஒரு கால்சியம், ரெண்டு குளோரைடு. ஆக 5 கால்சியம், 10 குளோரைடு. ஹார்ட்னஸை கால்சியம் கார்பனேட் கணக்குல சொல்றது வழக்கம். அதோட மோலார் நிறை 100. 5-ஐ 100-ஆல பெருக்கினா லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஹார்ட்னஸ். சோப்பு போட்டா திரிஞ்ச பால்தான்!

குளோரைடு ரெண்டுலயும் சரியா 10 மில்லிமோல், அதாவது 355 மில்லிகிராம். அதனால சில்வர் நைட்ரேட் டைட்ரேஷன் மட்டும் பண்ணினா ரெண்டு பக்கெட்டும் ஒண்ணுன்னுதான் தோணும். இ.டி.டி.ஏ.-வும் பண்ணினாதான் குட்டு வெளிப்படும். லேப்ல ரெண்டு எக்ஸ்பெரிமென்ட்டையும் தனித்தனியா வெச்சிருக்குறது நம்மளைப் படுத்துறதுக்கு இல்லை மக்களே.

பாக்கெட்ல வர்ற அந்த டி.டி.எஸ். மீட்டர்? அது உப்பை எடை போடுறதே இல்லை. தண்ணி எவ்வளவு கரன்ட்டைக் கடத்துதுன்னு பார்த்து, அதை 0.5-ல இருந்து 0.7-க்குள்ள ஒரு நம்பரால பெருக்கிக் காட்டுது. எந்த உப்புன்னு அதுக்குத் தெரியாது. கிருமி இருந்தாலும் தெரியாது. அளவுக்கு மேல ஈயம் கலந்திருந்தாலும் நம்பர் பெருசா அசையாது.

இந்தியக் குடிநீர்த் தர விதி, அதாவது 2012-ல வந்த ஐ.எஸ். 10500, டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம்னு சொல்லுது. வேற தண்ணியே கிடைக்கலைன்னா 2000 வரைக்கும் போகலாம். ஆனா அதே விதியில ஹார்ட்னஸுக்கு 200, 600-னு தனி வரம்பு. குளோரைடுக்கு 250, 1000-னு தனி வரம்பு. நைட்ரேட்டுக்கு 45-ஓட ஃபுல் ஸ்டாப். ஒரே நம்பர் போதும்னா இத்தனை வரிசை எதுக்கு?

பழுப்புத் தண்ணி மேஜிக்

ஆர்.ஓ. விக்கிற சிலர் காட்டுற ஒரு ஷோ இருக்கு. ரெண்டு டம்ளர். ஒண்ணுல உங்க வீட்டுத் தண்ணி, இன்னொண்ணுல அவங்க மெஷின் தண்ணி. கம்பி மாட்டின ஒரு டப்பாவை மேல வெச்சு சுவிட்சைப் போடுவாங்க. அஞ்சு நிமிஷத்துல உங்க தண்ணி பழுப்பா, சாக்கடை மாதிரி ஆயிடும். அவங்க தண்ணி அப்படியே கண்ணாடி. "இதைத்தான் சார் இத்தனை நாளா குடிச்சிருக்கீங்க!" அம்மா முகம் வெளிறும், அப்பா செக் புக் எடுப்பார்.

அந்தப் பழுப்பு உங்க தண்ணியில இருந்து வந்ததே இல்லை. அந்தக் கம்பியில ஒண்ணு இரும்பு. உப்பு இருக்குற தண்ணியில கரன்ட் ஓடும், இரும்பு கரையும், துருவா மிதக்கும். ஆர்.ஓ. தண்ணியில அயனி குறைவு, கரன்ட் ஓடாது, கம்பியும் கரையாது. அவ்வளவுதான் ரகசியம்.

அடுத்த தடவை வந்தா சண்டை போடாதீங்க. "அண்ணா, உங்க டம்ளர்ல ஒரு சிட்டிகை உப்பு போட்டு இதையே காட்டுங்களேன்"னு மட்டும் கேளுங்க. சிட்டிகைன்னா சுமார் கால் கிராம். 250-ஐ 58.5-ஆல வகுத்தா 4.3 மில்லிமோல். 200 மில்லி டம்ளர்ல அது லிட்டருக்கு 21 மில்லிமோல். அவர் டம்ளரும் பழுப்பாகும், அவர் முகமும்! (கரன்ட் சமாச்சாரம், நீங்களா வீட்டுல ட்ரை பண்ணாதீங்க.)

ஆர்.ஓ. வேண்டாம்னு நான் சொல்லலை. உப்பு நிஜமாவே ஜாஸ்தின்னா அது தேவைதான். ஆனா மெஷின் உப்பை அழிக்கலைங்கிறதை ஞாபகம் வெச்சுக்கணும். லிட்டருக்கு 10 மில்லிமோல் உள்ள தண்ணி 4 லிட்டர் உள்ளே போகுதுன்னா மொத்தம் 40 மில்லிமோல். 1 லிட்டர் நல்ல தண்ணி வெளிய வந்தா, மீதி 3 லிட்டர்ல அந்த 40-ல பெரும்பங்கு இருக்கும். லிட்டருக்கு 13 மில்லிமோல்! அந்தக் கழிவுத் தண்ணியில தரை துடைக்கலாம், டாய்லெட்டுக்கு ஊத்தலாம். "தண்ணியை வீணாக்கக் கூடாது"ன்னு மழைநீர்த் தொட்டியில மட்டும் விட்டுடாதீங்க. எடுத்த உப்பை இன்னும் கெட்டியாக்கி போருக்கே திருப்பிக் குடுத்த மாதிரி ஆயிடும்.

நூத்துல ஒரு குடம்

இப்போ நம்ம ஏரியாவுக்கே வருவோம். சாந்தோம், பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர், திருவான்மியூர்ல எல்லாம் கடல் நடந்து போற தூரம்தான். மேல இருக்குற மணல்ல மழைத்தண்ணி தேங்கி நிக்குது. அதுக்குக் கீழேயும் பக்கத்துலயும் கடல் தண்ணி.

கடல் தண்ணி ஒரு கிலோவுல சுமார் 35 கிராம் உப்பு. அதுல குளோரைடு மட்டும் 19.4 கிராம், அதாவது 546 மில்லிமோல். நல்ல தண்ணி 99 குடத்தோட கடல் தண்ணி ஒரே ஒரு குடம் கலந்தா லிட்டருக்கு 5.5 மில்லிமோல் குளோரைடு ஏறும். மில்லிகிராம்ல சொன்னா 190-க்கு மேல. ஏற்கெனவே 60 மில்லிகிராம் இருந்த அருமையான தண்ணி, ஒரே குடத்துல 250 வரம்பைத் தாண்டிடும்!

அந்த ஒரு குடம் எப்படி உள்ளே வருது? கடல் தண்ணியில உப்பு இருக்குறதால அது நல்ல தண்ணியை விட கொஞ்சம் கனம். ஒண்ணுக்கு 1.025. இந்த 0.025-தான் வில்லன். 1-ஐ 0.025-ஆல வகுத்தா 40. கடல் மட்டத்துக்கு மேல நிலத்தடி நல்ல தண்ணி 1 மீட்டர் நின்னா, கடல் மட்டத்துக்குக் கீழே 40 மீட்டர் வரைக்கும் அது கடலைத் தள்ளி வெச்சிருக்கும். 19-ம் நூற்றாண்டு முடியிற சமயத்துல நெதர்லாந்துல பாடன் கைபனும், 1901-ல ஜெர்மனியில ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியா கண்டுபிடிச்ச கணக்கு இது. மணல் பூமிக்குப் பொருந்தும், கீழே பாறை வர்ற இடத்துல மாறும்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. நாம உறிஞ்சி உறிஞ்சி மேல 1 மீட்டரைக் குறைச்சா, காலப்போக்குல கீழே இருந்து உப்புத் தண்ணி 40 மீட்டர் மேல ஏறப் பார்க்கும். இப்போ அந்த மீட்டிங்கை நினைச்சுப் பாருங்க. "இன்னும் 50 அடி இறக்கலாம்." கடலோரத்துல அது நல்ல தண்ணியைத் தேடிப் போறது இல்லை பாஸ், கடலைத் தேடிப் போறது! சென்னையோட வடக்குப் பக்கம் மீஞ்சூர்ல விவசாயத்துக்கும் நகரத்துக்கும் தொழிற்சாலைக்கும் இறைச்சு இறைச்சு, கடல் தண்ணி நிலத்துக்கு அடியில பல கிலோமீட்டர் உள்ளே வந்துடுச்சு. அதே மீஞ்சூர்ப் பக்கம் காட்டுப்பள்ளியில 2010-ல கடல் நீரைக் குடிநீராக்குற ஆலை கட்ட வேண்டி வந்துச்சு. தெற்கே நெம்மேலியில 2013-ல ஒண்ணு, 2024-ல இன்னொண்ணு.

அந்த ஆலையிலயும் மோல்தான் ராஜா. சவ்வுக்கு ரெண்டு பக்கமும் வர்ற சவ்வூடு அழுத்தம் உப்போட எடையைப் பொறுத்தது இல்லை, அயனிகளோட எண்ணிக்கையைப் பொறுத்தது. கடல் தண்ணி லிட்டர்ல எல்லா அயனியும் சேர்த்து சுமார் 1.1 மோல். அதுக்கு அழுத்தம் 25 பாருக்கு மேல. நம்ம முதல் பக்கெட்டுக்கு அரை பார்தான். கார் டயர்ல இருக்குறது 2 பார். கடலைக் குடிக்கிறது ஏன் இவ்வளவு செலவுன்னு இப்போ புரியுதா?

கடலா, சாக்கடையா?

குளோரைடு ஏறினா உடனே கடல் மேல பழி போட முடியாது. நம்ம ஊர்ல கழிவுநீர்க் குழாயும் ஒழுகும். தி.நகர் மாதிரி கடலை விட்டுத் தள்ளி இருக்குற இடத்துல சந்தேகம் முதல்ல அந்தப் பக்கம்தான் போகணும்.

இங்கதான் மோல் துப்பறியுது. கடல்ல சோடியம் 470, குளோரைடு 546 மில்லிமோல். வகுத்தா 0.86. கடல் தண்ணி களிமண் வழியா புதுசா நுழையும்போது மண்ணு சோடியத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு கால்சியத்தை விட்டுடும். அதனால விகிதம் 0.86-க்கும் கீழே இறங்கும், ஹார்ட்னஸும் கூடவே ஏறும். சாக்கடைன்னா, நாம சாப்பிட்ட சமையல் உப்புதானே! சோடியமும் குளோரைடும் கிட்டத்தட்ட 1-க்கு 1, இல்லைன்னா சோடியம் கொஞ்சம் கூட. நைட்ரேட்டும் தலைகாட்டும். ரிப்போர்ட்ல மில்லிகிராமா இருக்குறதை அப்படியே பார்த்தா இது கண்ணுல படாது. 23-ஆலயும் 35.5-ஆலயும் வகுத்துட்டுப் பாருங்க.

கடல்னா மருந்து வேற: கம்மியா இறைக்கணும், மழையை உள்ளே விடணும். சாக்கடைன்னா மருந்து வேற: குழாயைச் சரி பண்ணணும், அதுவரைக்கும் அந்தத் தண்ணியை வாயில வைக்கக் கூடாது. தப்பா கண்டுபிடிச்சா செலவும் தப்பாத்தான் போகும்.

மழை போடுற கணக்கு

தி.நகர்னு இன்னைக்கு நாம ஷாப்பிங் போற இடத்துல ஒரு காலத்துல லாங் டேங்க்னு பெரிய ஏரி இருந்துச்சு. 1920-கள்ல அதை வத்த வெச்சுத்தான் ஊரே உருவாச்சு. மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னு பேரு மட்டும் மிச்சம். ஏரி தண்ணியை பூமிக்குள்ள அனுப்பிக்கிட்டு இருந்துச்சு. அந்த வேலையை இப்போ நம்ம மொட்டை மாடிதான் செய்யணும். தமிழ்நாட்டுல மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம்னு 2003-ல வந்ததே, அதுக்கு அர்த்தம் இதுதான்.

அரை கிரவுண்ட் மாடின்னா 1200 சதுர அடி, சுமார் 111 சதுர மீட்டர். சென்னையில வருஷத்துக்கு ஏறக்குறைய 1400 மில்லிமீட்டர் மழை. பெருக்கினா ஒன்றரை லட்சம் லிட்டருக்கு மேல! பாதி வீணாப் போனாலும் 75 ஆயிரம்.

இப்போ நம்ம செல்லம் எம்1வி1 = எம்2வி2. லிட்டருக்கு 12 மில்லிமோல் குளோரைடு உள்ள தண்ணி, அதாவது 426 மில்லிகிராம், 75 ஆயிரம் லிட்டர். அதோட உப்பே இல்லாததுக்குச் சமமான மழைத் தண்ணி 75 ஆயிரம் லிட்டர். அளவு டபுள், செறிவு பாதி. 6 மில்லிமோல், 213 மில்லிகிராம். வரம்புக்குள்ள வந்தாச்சு! பூமிக்கு அடியில பக்கெட் மாதிரி கலக்காதுதான், பக்கத்து மனைக்கும் ஓடும். அதனாலதான் ஒரு வீடு மட்டும் செஞ்சா பத்தாது, தெருவே செய்யணும்.

எக்ஸாமுக்கும் யூஸ் ஆகும்!

* கரைசல் தயாரிக்கும்போது 1 லிட்டர் தண்ணியை எடுத்து அதுல உப்பைக் கொட்டக் கூடாது. உப்பைக் கொஞ்சம் தண்ணியில கரைச்சு, அப்புறம் கோடு வரைக்கும் நிரப்பணும். கணக்கு கரைசலோட லிட்டருக்குத்தான்.

* பாட்டில் லேபிளைப் படிங்க. கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்னா மோலார் நிறை 111 இல்லை, 147. ஒட்டிக்கிட்டு இருக்குற தண்ணிக்கும் எடை உண்டு.

* 20 மில்லி தண்ணிக்கு 0.01 மோலார் இ.டி.டி.ஏ. 12 மில்லி செலவாச்சுன்னா 0.12 மில்லிமோல். லிட்டருக்கு 6 மில்லிமோல். ஹார்ட்னஸ் 600. ஐ.எஸ். 10500-ஓட கடைசி வரம்பு!

ஒரு தடவை பார்த்தா மட்டும் பத்தாது. வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு ஜனவரியில ஒரு தடவை, மே மாச வெயில்ல ஒரு தடவைன்னு ஒரே போர்ல பாருங்க. ரெண்டு நம்பருக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்க வீட்டுக்கு அடியில நடக்குற கதை. லேப்ல அட்டெண்டர் அண்ணாகிட்டயும் மேடம்கிட்டயும் கேட்டுட்டு, குழாய்த் தண்ணிக்குப் பதிலா உங்க வீட்டு பாட்டிலை ஒரு நாள் எடுத்துட்டுப் போங்க. இன்னும் விவரமா வேணும்னா குடிநீர் வடிகால் வாரியத்தோட ஆய்வுக்கூடத்துல கட்டணம் கட்டி சோதிச்சுக்கலாம்.

அடுத்த மீட்டிங்ல "50 அடி இறக்கலாம்"னு அந்த அங்கிள் ஆரம்பிப்பார் இல்லையா? அப்போ அந்தப் பேப்பரை மெதுவா டேபிள் மேல வைங்க. சின்னப் பையன், சின்னப் பொண்ணுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க!